திறந்தவெளி என்னும் சொல்: புகைபிடிக்காதோருக்கான சட்டமும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பும்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இரண்டு வீட்டு வரிசைகளுக்கு இடையே ஓடும் ஒரு சந்தில் ஒருவர் பீடி பற்றவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இடப்புறம் ஒரு வீட்டின் சன்னல், வலப்புறம் இன்னொரு வீட்டின் வாசல். கைகளை விரித்தால் இரு சுவர்களும் தட்டுப்படும். 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பார்வையில் அவர் நிற்கும் இடம் திறந்தவெளி. அங்கே புகைப்பது அச்சட்டப்படி குற்றமன்று. அவர் தம் வீட்டுக்குள் சென்று, உறங்கும் குழந்தைக்கு அருகில் அமர்ந்து புகைத்தாலும் குற்றமன்று. அதே மனிதர் தாதர் ரயில் நிலையத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம்.

இந்த எல்லைக்கோடு எவ்வாறு வரையப்பட்டது என்பதை அறியச் சட்டப் பிரிவுகளை மட்டும் படித்தால் போதாது. வழக்குத் தொடுத்தவர் யார், எந்த இடத்தில் புகை அவரை எட்டியது, நீதிமன்றம் எத்தகைய மனிதரைப் பாதிக்கப்பட்டவராகத் தன் மனத்தில் நிறுத்திக்கொண்டது ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியாவில் புகைபிடிக்காதோரைக் காக்கும் சட்டத்தை உருவாக்கிய வழக்குகளின் மையத்தில் இருந்தவர், வீட்டை விட்டு வெளியே வந்த மனிதர். பேருந்தில் ஏறியவர், மருத்துவமனையில் காத்திருந்தவர், அலுவலகத்தில் வரிசையில் நின்றவர். வீட்டிலேயே இருந்தவர் அந்த வழக்குகளில் இல்லை.

லேபர் கேம்ப், தாராவிப் பரப்பைச் சேர்ந்த உழைப்பாளர் குடியிருப்பு. மராத்தி எழுத்தாளரும் மக்கள் பாடகருமான அண்ணாபாவ் சாட்டே இங்கு வாழ்ந்தவர். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய ‘லால் பாவ்டா கலா பதக்’ பம்பாய்த் தொழிலாளர் இயக்கத்தின் குரலாக விளங்கியது. தாராவியின் தமிழர் வரலாறு அதற்கும் முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலைத் தொடர்ந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களோடு அது தொடங்குகிறது. கூலி, வேலைநேரம், குடியிருப்பு, சாதி இழிவு என எத்தனையோ பொருள்களில் வழக்காடவும் ஊர்வலம் போகவும் பழகிய வட்டாரம் இது. ஆயினும் அடுத்தவர் விடும் புகை என்ற ஒன்று இவ்வட்டாரத்தின் கோரிக்கைப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. தோல் பதனிடும் கூடங்களின் நாற்றத்துக்கும் கும்பார்வாடாச் சூளைகளின் புகைக்கும் நடுவே ஒரு பீடியின் புகையைத் தனியே பிரித்துக் காட்டுவது எளிதன்று.

பம்பாய் நகரம் புகைக்கு எதிராகத் தனிச்சட்டம் கொண்டுவந்ததும் புகையிலையை நினைத்து அன்று. 1912ஆம் ஆண்டின் பம்பாய்ப் புகைத் தொல்லைச் சட்டம் ஆலைகளின் உலைகளையும் புகைபோக்கிகளையும் நோக்கியது. கல்கத்தாவுக்கு அத்தகைய சட்டம் 1905லேயே வந்துவிட்டது. புகை என்பது அங்கே நகரத்தின் வானத்தைக் கறுக்கச் செய்யும் பொருள். அதை உண்டாக்குபவர் ஆலை முதலாளி. அளப்பவர் அரசு ஆய்வாளர். ஒரு மனிதர் வாயிலிருந்து வரும் புகை இன்னொரு மனிதரின் மூக்கில் ஏறுவது அச்சட்டத்தின் கவலையில்லை.

அந்தக் கவலை முதலில் தலைகாட்டிய இடம் ரயில் பெட்டி. இது சற்று விரிவாகப் பேச வேண்டிய செய்தி. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 110ஆம் பிரிவில், புகைப்பதற்கென்று ஒதுக்கப்படாத பெட்டியில் உடன் பயணம் செய்வோரின் சம்மதமின்றிப் புகைப்பவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் விதித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து வந்த 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 167ஆம் பிரிவில், உடன் பயணி எவரேனும் ஆட்சேபித்தால் அந்தப் பெட்டியில் புகைக்கக் கூடாது என்றது. அபராதம் 100 ரூபாய் வரை. தொகை ஐந்து மடங்கானதைக் கண்டு சட்டம் கடுமையாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். சொற்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பழைய சட்டத்தில் வாய் திறக்க வேண்டியவர் புகைப்பவர். அவரே சம்மதம் கேட்க வேண்டும். புதிய சட்டத்தில் வாய் திறக்க வேண்டியவர் புகைக்காதவர். அவர் ஆட்சேபிக்காதவரை குற்றமே நிகழவில்லை. எந்த வண்டியிலும் முழுத் தடை விதிக்க ரயில்வே நிர்வாகத்துக்கு அதிகாரம் தரும் உட்பிரிவு ஒன்றும் அதே பிரிவில் இருந்தது உண்மைதான். ஆனால் அடிப்படை விதியில் சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து தாதருக்கு ஓடிய வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில், மடியில் பிள்ளையோடு கழிப்பறையருகே ஒடுங்கி அமர்ந்திருக்கும் பெண், எதிரில் நிற்கும் அறிமுகமில்லாத ஆண்கள் நால்வரிடம் ஆட்சேபம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்த சட்டம் அது.

ரயில் சட்டத்துக்கும் மூத்தது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 268ஆம் பிரிவு பொதுத் தொல்லையை வரையறுத்தது. 278ஆம் பிரிவு, காற்றைக் கெடுத்து உடல்நலத்துக்குத் தீங்காக்குவதைக் குற்றமாக்கி 500 ரூபாய் வரை அபராதம் விதித்தது. எந்த இடமாயினும் என்பது அப்பிரிவு பயன்படுத்திய தொடர். பாதிக்கப்படுவோர் என்று அது மூவகையினரைக் குறித்தது: அக்கம்பக்கத்தில் குடியிருப்போர், அங்கே தொழில் செய்வோர், பொதுவழியில் கடந்து செல்வோர். குடியிருப்போரை முதலில் வைத்த இச்சொல்லமைப்பு, சுவரோடு சுவர் ஒட்டிய லேபர் கேம்ப் போன்ற குடியிருப்புக்குப் பின்னாளில் வந்த எந்தப் புகையிலைச் சட்டத்தையும்விட நெருக்கமானது. ஆனால் அதிலும் ஒரு தளை இருந்தது. தீங்கு பொதுவாக மக்களுக்கு நேர வேண்டும். ஒரு மனைவிக்கோ ஒரு குழந்தைக்கோ மட்டும் நேர்ந்தால் போதாது. மேலும் அன்றைய மருத்துவம் சுருட்டுப் புகையை அருகிருப்பவருக்கு நோய் தரும் பொருளாகக் கருதவில்லை. பிரிவு இருந்தது; பொருத்திப் பார்க்கச் சான்று இல்லை.

சான்று வருவதற்கு முன்பே ஒரு வழக்கு வென்றது என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் செயலாளராகப் பணிபுரிந்த டோனா ஷிம்ப், உடன் பணியாற்றுவோரின் சிகரெட் புகை தமக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று 1976இல் நீதிமன்றம் சென்றார். பாதுகாப்பான பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்ற பழைய பொதுச்சட்டக் கோட்பாடே அவருடைய ஆயுதம். வழக்கில் ஓர் உண்மை வெளிவந்தது. அதே நிறுவனம் தொலைபேசிக் கருவிகள் வைக்கப்பட்ட பகுதியில் புகைப்பதை ஏற்கெனவே தடை செய்திருந்தது. புகை கருவிகளைப் பழுதாக்கும் என்பது காரணம். இயந்திரங்களுக்குக் காட்டும் அக்கறையை மனிதருக்கும் காட்டலாமே என்ற பொருள்பட நீதிபதி கேட்டு, பணியிடத்தில் புகைப்பதற்குத் தடை விதித்தார். மருத்துவப் புள்ளிவிவரத்தைவிட, நிறுவனத்தின் சொந்த விதியே அதற்கு எதிராக வலுவாகப் பேசிய வழக்கு இது.

புள்ளிவிவரம் 1981இல் ஜப்பானிலிருந்து வந்தது. தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத 91,540 மனைவியரை 1966 முதல் 1979 வரை பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதிகம் புகைக்கும் கணவரோடு வாழ்ந்த பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். கணவர் புகைக்கும் அளவு கூடக்கூட மனைவியின் ஆபத்தும் கூடியது. புகையிலை நிறுவனங்கள் இந்த ஆய்வைப் பல ஆண்டுகள் தாக்கின. பிற நாடுகளின் ஆய்வுகள் அதன் முடிவை உறுதிப்படுத்தின. 2004இல் வெளியான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் தொகுதி, பிறர் புகையைச் சுவாசிப்பதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 91,540 பேரும் மனைவியர். அவர்களுக்குப் புகை வந்த வழி கணவர். அதாவது சான்று பிறந்த இடம் வீடு. அந்தச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு உலகின் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் காத்ததோ விமானத்தையும் உணவகத்தையும் அலுவலகத்தையும். வீட்டுப் பெண்ணின் நுரையீரல் தந்த அறிவு, வீட்டுக்கு வெளியே இருப்பவரின் உரிமையாக மாறியது. இந்த இடமாற்றம் திட்டமிட்ட வஞ்சனை என்று சொல்வதற்கில்லை; வழக்கு என்ற கருவி எதைப் பற்றிக்கொள்ள வல்லதோ அதைப் பற்றிக்கொண்டது. ஆயினும் அதன் விளைவு லேபர் கேம்ப் போன்ற இடங்களில்தான் முழுமையாகத் தெரிகிறது.

இந்தியாவில் முதல் பெரிய தீர்ப்பு கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து 1999 ஜூலை 12 அன்று வந்தது. கே. ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்று அவ்வழக்கு அறியப்படுகிறது. மனுதாரர் இருவர்; இரண்டாமவர் பேருந்துப் பயணத்தில் பிறர் புகையால் அவதியுற்ற பெண். நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணன், கே. நாராயண குருப் ஆகியோர் அடங்கிய அமர்வு, பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம், அரசமைப்புக்கு முரணானது, 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்று அறிவித்தது. (லட்சுமணன் தேவகோட்டைக்காரர்; பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர்.) தீர்ப்பின் நடைமுறைப் பகுதி இன்னும் முக்கியமானது. புதிய சட்டம் வரும்வரை காத்திருக்காமல், 1860ஆம் ஆண்டின் பொதுத் தொல்லைப் பிரிவுகளையே நீதிமன்றம் தூசுதட்டி எடுத்தது. பொது இடத்தில் புகைப்பவரைப் பொதுத் தொல்லை செய்பவராகக் கருதி வழக்குத் தொடரக் காவல்துறைக்கும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்கீழ் தடையாணை பிறப்பிக்க மாவட்ட ஆட்சியர்களுக்கும் உத்தரவிட்டது. பேருந்து நிறுத்தமும் நடைபாதையும் அதன் பொது இடத்துக்குள் அடங்கின. வானம் தெரிகிறதா இல்லையா என்பது கேரளத் தீர்ப்பில் கேள்வியாக இல்லை.

அதே 1999இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தவர் மும்பைக்காரர்: முரளி தேவ்ரா. நகரின் மேயராக இருந்தவர், மும்பை காங்கிரஸின் தலைவர், தென் மும்பைத் தொகுதியிலிருந்து நான்கு முறை மக்களவைக்குச் சென்றவர். (தாராவி அத்தொகுதியில் இல்லை.) 2001 நவம்பர் 2 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை சில பக்கங்களே கொண்டது. அதன் தொடக்கக் கேள்வியின் சாரம் இது: பொது இடங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, புகைபிடிக்காத ஒருவர் ஏன் நோய்க்கு ஆளாக வேண்டும்? அவ்வாறு ஆளாக்குவது சட்ட நடைமுறை ஏதுமின்றி அவர் உயிரை மறைமுகமாகப் பறிப்பதாகும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. அரங்கங்கள், மருத்துவமனைகள், சுகாதார நிறுவனங்கள், கல்விக்கூடங்கள், நூலகங்கள், நீதிமன்றக் கட்டடங்கள், அரசு அலுவலகங்கள், ரயில் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் நாடு முழுவதும் புகைக்கத் தடை வந்தது. ஐந்து வாரத்துக்குள் இணக்க அறிக்கை தர வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது.

இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. 1975ஆம் ஆண்டின் சிகரெட் சட்டம் பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிடச் சொல்வதோடு நின்றிருந்தது. கோவா, டெல்லி போன்ற சில மாநிலங்கள் மட்டுமே தனிச்சட்டம் இயற்றியிருந்தன. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பொதுநல மனு, நாடாளுமன்றம் தயங்கிக்கொண்டிருந்த வேலையைச் செய்து முடித்தது. ஆனால் அந்தத் தொடக்கக் கேள்வி யாரை எண்ணிக் கேட்கப்பட்டது என்பது அதன் தொடரிலேயே இருக்கிறது. பொது இடத்துக்குச் செல்ல வேண்டியவர். அவருக்கு நஞ்சில்லாத வீடு ஒன்று இருக்கிறது, அதை விட்டு வெளியே வரும்போதே இன்னல் தொடங்குகிறது என்பது சொல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடிப்படை. பத்துக்குப் பத்து அறையில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு அனைத்தும் நடக்கும் குடும்பத்தில் புகைபிடிக்காதவருக்குப் பொது இடமே சற்று நல்ல காற்றுள்ள இடமாக இருக்கலாம்.

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், வழக்கில் ‘கோட்பா’ எனப்படுவது, உச்ச நீதிமன்றத்தின் பட்டியலை விரித்து வரையறையாக்கியது. பொதுமக்கள் உரிமையோடோ உரிமையின்றியோ சென்றுவரக்கூடிய எந்த இடமும் பொது இடம். உணவகம், ரயில் காத்திருப்பறை, பொழுதுபோக்கு மையம் முதலியனவும் இவை போன்றவையும் அடங்கும். ஆனால் திறந்தவெளி அடங்காது. அந்தக் கடைசிச் சொல்லால் கேரளம் தடுத்த தெரு நழுவிப்போயிற்று. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அன்புமணி ராமதாஸ் நடுவண் நல்வாழ்வு அமைச்சராக இருந்த காலத்தவை, பணியிடங்களையும் வணிக வளாகங்களையும் திரையரங்குகளையும் பொது இடத்துக்குள் கொண்டுவந்தன. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவற்றைத் திறந்தவெளி என்ற விலக்கிலிருந்து மீட்டன. விதிகளை எதிர்த்துப் புகையிலை, விடுதித் தொழில் துறையினர் நீதிமன்றம் சென்றும், நடைமுறைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. பொறுப்பாளரின் பெயரை எழுதிப் போட வேண்டும், சாம்பல் கிண்ணம் வைக்கக் கூடாது, பொறுப்பாளர் புகாரைக் கண்டுகொள்ளாவிட்டால் அவரே அபராதம் கட்ட வேண்டும் என்பன போன்ற நுட்பமான ஏற்பாடுகள் அவ்விதிகளில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மேலாளர், ஓர் அறிவிப்புப் பலகை, ஒரு நுழைவாயில் உள்ள இடத்தை முன்னிறுத்தியே எழுதப்பட்டது.

லேபர் கேம்ப்பும் அதன் சுற்றுப்புறமும் இந்த வரையறைகளைத் திணறச் செய்யும் இடங்கள். மாடியில் தையல் எந்திரங்கள் ஓடும் அறை பகலில் பணியிடம். விதிப்படி அங்கே புகைக்கக் கூடாது. இரவில் அதே தொழிலாளர்கள் அதே அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். எந்திரம் நின்ற பிறகு அது பணியிடமா, குடியிருப்பா? பொதுக் கழிப்பிடம் சட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ‘இவை போன்றவை’ என்ற தொடருக்குள் அது அடங்கும் என்று வாதிடலாம். காலையில் பீடியோடு உள்ளே போகும் ஆணுக்கு அடுத்த கதவில் பள்ளிப் பிள்ளை நிற்பதை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றாது. வாசல் திண்ணையோ இருவகையிலும் சேராதது: வீட்டின் பகுதி என்றால் தனியிடம், சந்தின் பகுதி என்றால் திறந்தவெளி. இரண்டு வழியிலும் சட்டத்துக்கு வெளியே.

வரையறைக்கு அப்பால் உள்ளூராட்சி அமைப்புகள் போக முடியாதா என்ற கேள்விக்கும் மும்பையிலிருந்தே விடை வந்தது. உணவகங்களின் புகைக்கும் பகுதிகளில் ஹூக்கா கூடாது என்று மும்பை மாநகராட்சி உரிம நிபந்தனை விதித்தபோது, 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. நரீந்தர் சத்தா வழக்கில் 2014 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கியது. நடுவண் சட்டம் அனுமதித்த ஒன்றை உரிமத்தின் வழியே மறுக்க முடியாது என்பது காரணம். 2017 டிசம்பர் இறுதியில் கமலா மில்ஸ் வளாகத் தீவிபத்தில் 14 பேர் இறந்த பின்னரே, 2018இல் மகாராஷ்டிரம் சட்டத்தைத் திருத்தி ஹூக்காக் கூடங்களைத் தடை செய்தது. புகைபிடிக்காதோரைக் காக்க வந்த சட்டம், ஒரு நகரம் அதற்குமேல் செல்ல விரும்பியபோது தடைச்சுவராகவும் நின்றது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

புள்ளிவிவரங்கள் இவ்வரலாற்றை மேலும் சிக்கலாக்குகின்றன. இந்தியாவுக்கான உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பிறர் புகைக்கு ஆளானோர் 2009-10இல் 52.3 விழுக்காடு, 2016-17இல் 38.7 விழுக்காடு. கட்டடத்துக்குள் பணிபுரிவோரில் பணியிடத்தில் ஆளானோர் முதல் கணக்கெடுப்பில் 29.9, இரண்டாவதில் 30.2 விழுக்காடு. சட்டம் தொடாத வீட்டில் புகை குறைந்திருக்கிறது. சட்டம் தடை செய்த பணியிடத்தில் குறையவில்லை. ஆகவே சட்டம் பயனற்றது என்று முடிவு கட்டுவது அவசரம். புகைப்போரின் விகிதமே அந்த ஏழாண்டுகளில் 14.0 விழுக்காட்டிலிருந்து 10.7 விழுக்காடாக இறங்கியது. பொது இடத் தடை புகைத்தலின் மதிப்பைக் குறைத்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனினும் குறைந்த பிறகும் வீடே முன்னிற்கிறது என்பதை மறைக்க முடியாது.

வீட்டுக்குள் எழும் முறையீட்டின் மொழியையும் பார்க்க வேண்டும். தென்மாவட்டத் தமிழில் பீடியைப் ‘பிடிப்பதை’விடக் ‘குடிப்பதே’ மிகுதி. இந்தியிலும் பீடி ‘குடிக்க’ப்படுவதுதான், மராத்தியில் அது ‘இழுக்க’ப்படுகிறது. புகைப்பவருக்கு இத்தனை வினைகள் இருக்க, பக்கத்திலிருந்து அந்தப் புகையை உள்ளிழுப்பவருக்குப் பேச்சு வழக்கில் தனி வினை எதுவும் அமையவில்லை. மறைமுகப் புகைத்தல், இரண்டாம்நிலைப் புகை என்பனவெல்லாம் அறிக்கைகளின் சொற்கள். வீட்டில் ஒரு பெண் சொல்வது “வெளிய போய்க் குடிங்க, பிள்ளைக்குப் புகை அடிக்குது” என்பதாகவே இருக்கும். அடிப்பது புகை. கணவர் அந்த வாக்கியத்தின் எழுவாய் அல்லர். வெயில் அடிப்பதுபோல், காற்று அடிப்பதுபோல் புகையும் அடிக்கிறது. குற்றஞ்சாட்டாமல் குறை சொல்லும் இந்த இலக்கணம் குடும்பத்துக்குள் பயன்மிக்கது. சண்டையின்றிக் கணவரை வாசலுக்கு அனுப்பவல்லது. ஆனால் புகார் மனு என்ற வடிவத்துக்கு எதிரி ஒருவர் வேண்டும். மேலும் கணவர் போகும் ‘வெளி’ அடுத்த வீட்டின் சன்னல்.

சட்டத்தில் வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், பெண்ணின் உடல்நலத்துக்குத் தீங்கு செய்வதையும் ஆபத்து விளைவிப்பதையும் வன்முறையின் வரையறைக்குள் வைக்கிறது. ஹிராயாமாவின் முடிவுகளை அந்தச் சொற்களோடு பொருத்த ஒரு வழக்கறிஞரால் முடியும். ஆயினும் ஒற்றை அறையில், ஒரே வருமானத்தில் வாழும் பெண் கணவரின் பீடிக்காக நீதித்துறை நடுவரிடம் செல்வார் என்று எதிர்பார்ப்பது, ரயில் பெட்டியில் பிள்ளையோடு அமர்ந்தவர் ஆட்சேபிப்பார் என்று எதிர்பார்த்ததற்கு ஒப்பானது. சேவைத் துறையில் பணிபுரிவோருக்கு நிறுவனத்தை எதிர்க்கும் வழக்கு அமைந்தது. குடும்பத்தை எதிர்க்கும் வழக்கு அவ்வாறு அமைய வழியில்லை.

இதில் இன்னொரு வீடும் இருக்கிறது. லேபர் கேம்ப்பின் தமிழர் பலருக்குச் சொந்த ஊரான திருநெல்வேலி வட்டாரத்தில், முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கங்களில், பீடி சுற்றுவது பெண்களின் வீட்டுத் தொழில். முறத்தில் இலையும் தூளும் வைத்துத் திண்ணையில் அமர்ந்து சுற்றுகிறார்கள். 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களில் பலருக்குக் கூலியிலும் நலத்திட்டத்திலும் உரிமை தந்தது. ஆனால் தனிக் குடியிருப்பில் குடும்பத்தாரோடு சுயதொழிலாகச் சுற்றுவோருக்கு அச்சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டே பீடி சுற்றும் பெண்ணின் வீட்டு வாசலில் தொழிலாளர் சட்டம் நின்றுகொள்கிறது. அந்தப் பீடி மும்பையில் எரியும்போது அருகில் இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலில் புகையிலைச் சட்டம் நின்றுகொள்கிறது. இருவரும் உறவினராகவும் இருக்கக்கூடும். முழுத் தடை கோரும் குரல்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருப்பது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்த முதல் பெண்ணுக்கு.

தாராவி மறுவளர்ச்சித் திட்டம் இப்போது இந்த வரையறைகளுக்கு ஒரு புதிய சோதனையைக் கொண்டுவருகிறது. தகுதியுடையோருக்கு 350 சதுர அடி வீடு, அடுக்குமாடியில். சந்து மறைந்து தாழ்வாரம் வரும். திண்ணை மறைந்து மின்தூக்கி வரும். வாசலில் நின்று புகைத்தவர் மாடிப்படியில் நின்று புகைப்பார். மேலே வானம் இல்லாததால் அது திறந்தவெளி ஆகாது. பொதுமக்கள் வந்துபோகும் இடமா அது, அல்லது குடியிருப்போருக்கு மட்டும் உரியதா என்பதைப் பொறுத்தே 200 ரூபாய் அபராதம் அங்கே செல்லுபடியாகும். அடுத்த கதவுக்குள் ஆஸ்துமாவோடு இருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்பினால், வீட்டை விட்டு வெளியேறாமலேயே பிறர் புகைக்கு ஆளானவர் தொடுக்கும் வழக்காக அது இருக்கும். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் குறிக்கப்பட்ட குடியிருப்போர் என்ற சொல், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 280ஆம் பிரிவிலும் அவ்வாறே தொடர்கிறது.